ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா? அமெரிக்காவில் படிப்பவர்கள் டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பூந்தமல்லி, குமணன்சாவடி, நசரத்பேட்டை, திருவேற்காடு... பொறியியல் கல்லூரிகள் வரிசையாக நிற்கும் பகுதி இது. இங்கே பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்போ வர்ற?" இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டுவிட்டது: "வந்தா திரும்பிப் போக விடுவாங்களா?"

அக்கா கல்யாணம், புது வீட்டு கிரகப்பிரவேசம், தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று எந்தக் காரணமாக இருந்தாலும் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் "யாரும் வராதீங்க, ரிஸ்க்" என்கிறார். இன்னொருவர் "என் பையன் போன மாசம்தான் வந்துட்டுப் போனான், ஒரு பிரச்னையும் இல்ல" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் ரிஸ்க் எல்லோருக்கும் ஒன்று இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதை பாஸ்போர்ட்டில் உள்ள ஒரு தேதி பெரும்பாலும் சொல்லிவிடும்.

விசா, ஸ்டேட்டஸ், நுழைவு: மூன்றும் வேறு வேறு

குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "விசா" என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்கச் சட்டப்படி இவை மூன்று தனித்தனி விஷயங்கள். மூன்றையும் முடிவு செய்வதும் மூன்று வேறு துறைகள்.

முதலாவது, பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா. நம் ஊரில் 'ஸ்டாம்பிங்' என்று சொல்வது இதைத்தான். சென்னை ஜெமினி பாலம் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் தருவது. இது அமெரிக்க எல்லை வரை போய் "உள்ளே வரலாமா?" என்று கேட்பதற்கான அனுமதி மட்டுமே.

இரண்டாவது, ஸ்டேட்டஸ். அமெரிக்காவுக்குள் சட்டப்படி தங்கியிருக்கும் தகுதி. மாணவர்களுக்கு (எஃப்-1) இதைக் காட்டும் ஆவணம் ஐ-20. ஆய்வாளர்கள், வருகைப் பேராசிரியர்கள் போன்ற ஜே-1 பிரிவினருக்கு டிஎஸ்-2019. இவர்கள் எல்லோருடைய விவரமும் 'செவிஸ்' என்ற அரசு டேட்டாபேஸில் இருக்கும்.

மூன்றாவது, விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி தரும் நுழைவு அனுமதி. கையில் செல்லுபடியாகும் விசா இருந்தாலும் அங்கே திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும்வரை ஸ்டாம்பிங் காலாவதியானால்கூட பிரச்னை இல்லை. ஸ்டேட்டஸ் சரியாக இருந்தால் படிக்கலாம், அனுமதி இருந்தால் வேலையும் பார்க்கலாம். நாட்டை விட்டு வெளியே கால் வைத்த அடுத்த நிமிடம் கதை மாறிவிடும். திரும்பப் போக மூன்றுமே வேண்டும். அதுவரை தேவைப்படாத ஸ்டாம்பிங், சென்னையில் வந்து இறங்கியதும் தலையாய விஷயமாகிவிடுகிறது.

2025-ல் என்னென்ன மாறியது?

இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 'ஓப்பன் டோர்ஸ்' அறிக்கைப்படி 2024-25 கல்வியாண்டில் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 3,63,019 பேர். சீனாவை முந்தி இந்தியா முதலிடத்தில் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு விதி மாறினால் அதிகம் பாதிக்கப்படுவதும் நம் பிள்ளைகள்தான். 2025-ல் ஒன்றல்ல, பல விதிகள் அடுத்தடுத்து மாறின.

மார்ச்: பிரவுன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்த சிறுநீரக மருத்துவர் ரஷா அலவியே, சொந்த நாடான லெபனானுக்குப் போய்விட்டு பாஸ்டன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கையில் ஹெச்-1பி விசா இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார். ஹிஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லாவின் இறுதி ஊர்வலத்தில் அவர் கலந்துகொண்டதைக் காரணமாகச் சொன்னது அமெரிக்க அரசு. இதையடுத்து, வெளிநாட்டு மாணவர்களும் ஊழியர்களும் பயணத்தைத் தள்ளிவைப்பது நல்லது என்று பிரவுன் பல்கலைக்கழகம் அறிவுறுத்தியது. அதே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவி ரஞ்சனி ஸ்ரீனிவாசனின் விசா ரத்து செய்யப்பட்டது. தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்த அவர், கனடாவுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல்: நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென நீக்கப்பட்டன. அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர்கள் சங்கம் திரட்டிய 327 புகார்களில் பாதி இந்தியர்களுடையவை. சின்னச் சின்ன போக்குவரத்து வழக்குகள்கூட சிலருக்குக் காரணமாயின. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்ததும், ஏப்ரல் 25-ல் பதிவுகளை மீட்டுத் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது.

மே - ஜூன்: மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் தேதிகள் மே 27-ல் நிறுத்தப்பட்டன. ஜூன் 18-ல் மீண்டும் தொடங்கியபோது ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. எஃப், எம், ஜே பிரிவுகளில் விண்ணப்பிப்பவர்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி 'பப்ளிக்' என்று மாற்ற வேண்டும்.

செப்டம்பர்: நம்மவர்களை அதிகம் தொட்ட மாற்றம் இதுதான். பழைய விசாவைப் புதுப்பிக்க நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் போட்டுவிட்டு வரும் 'டிராப்பாக்ஸ்' வசதி, செப்டம்பர் 2 முதல் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. செப்டம்பர் 6 முதல், சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் நேர்காணலுக்குப் போக வேண்டும் என்றானது. சென்னையில் தேதி கிடைக்காவிட்டால் துபாய், பாங்காக் என்று போய் முடித்துக்கொண்டு வந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

டிசம்பர்: சமூக வலைதள ஆய்வு டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 பிரிவுகளுக்கும் வந்தது. இந்தியாவில் டிசம்பர் மத்தியில் நேர்காணல் வைத்திருந்த பலருக்கு "உங்கள் தேதி மாற்றப்பட்டது" என்று மெயில் வந்தது. புதுத் தேதி 2026 மார்ச் அல்லது அதற்கும் பிறகு! விடுமுறைக்கு மூன்று வாரம் என்று வந்தவர்கள் மாதக்கணக்கில் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கூகுள் போன்ற நிறுவனங்களின் குடியேற்ற வழக்கறிஞர்களே "ஸ்டாம்பிங் தேவைப்படும் ஊழியர்கள் வெளிநாட்டுப் பயணத்தைத் தவிருங்கள்" என்று எச்சரிக்கும் நிலை வந்தது.

அப்படியென்றால் யார் வரலாம், யார் யோசிக்க வேண்டும்?

மேலே சொன்ன மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பப்படும் செய்திகள்தான் பயமுறுத்துகின்றன. ஆனால் அதிகம் பேரை மாட்டவைப்பது ஏர்போர்ட் இல்லை, நேர்காணல் தேதி கிடைக்காத காலண்டர்.

படிப்பு இன்னும் முடியவில்லை, எஃப்-1 ஸ்டாம்பிங் திரும்பும் தேதிக்குப் பிறகும் செல்லும் என்றால் ரிஸ்க் குறைவு. தூதரகம் பக்கமே போக வேண்டியதில்லை. ஐ-20-ல் கல்லூரி அதிகாரியின் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அந்தக் கையெழுத்து ஒரு வருடம் செல்லும்.

படிப்பு முடித்து ஓபிடி-யில் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இவர்களுக்குப் பயணக் கையெழுத்து ஆறு மாதம்தான் செல்லும். வேலை அனுமதி அட்டை, நிறுவனத்தின் கடிதம் இரண்டும் கையில் இருக்க வேண்டும். வேலை இல்லாமல் இருக்கும்போது பயணம் செய்வது நல்லதல்ல.

இங்கே ஒரு கணக்கையும் கவனிக்க வேண்டும். இந்தியர்களுக்கு எஃப்-1 விசா பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத் தரப்படுகிறது. எம்.எஸ். இரண்டு வருடம், ஓபிடி ஒரு வருடம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்புக்கான கூடுதல் ஓபிடி இரண்டு வருடம். கூட்டினால் சரியாக ஐந்து! 2021-ல் போனவர்களின் ஸ்டாம்பிங் 2026-ல் முடிகிறது. வேலை, சம்பளம் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அந்தத் தேதி சத்தமில்லாமல் கடந்துவிடும்.

ஸ்டாம்பிங் காலாவதியாகிவிட்டது, அல்லது எஃப்-1-லிருந்து ஹெச்-1பி-க்கு அமெரிக்காவிலேயே மாறிவிட்டார் என்றால் ரிஸ்க் அதிகம். "பாஸ்போர்ட்டில் எஃப்-1 ஸ்டாம்பிங் இன்னும் ஒரு வருஷம் இருக்கே" என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்டேட்டஸ் ஹெச்-1பி ஆனபிறகு பழைய எஃப்-1 ஸ்டாம்பிங்கை வைத்துக்கொண்டு அந்த வேலைக்குத் திரும்ப முடியாது. சென்னையில் நேர்காணல் முடித்து, புது ஸ்டாம்பிங் கையில் வந்தால்தான் விமானம் ஏற முடியும்.

நேர்காணல் முடிந்தாலும் எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. சிலருக்கு '221-ஜி' என்ற ஸ்லிப் தருவார்கள். விண்ணப்பம் கூடுதல் ஆய்வில் இருக்கிறது என்று அர்த்தம். சில நாளில் முடியலாம், சில மாதமும் ஆகலாம். இந்தப் பிரிவில் இருப்பவர்கள் நேர்காணல் தேதி உறுதியாகாமல் ரிட்டர்ன் டிக்கெட் போடுவது, பணத்தோடு சேர்த்து வேலையையும் பணயம் வைப்பதுதான்.

ஹெச்-1பி மனு நிலுவையில் இருக்கும்போது நகரக் கூடாது

2025 செப்டம்பர் 19-ல் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு, புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. நம் மதிப்பில் சுமார் 90 லட்சம் ரூபாய். செப்டம்பர் 21 முதல் 12 மாதத்துக்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்த வார இறுதியில் "உடனே திரும்பி வாங்க" என்று நிறுவனங்கள் மெயில் அனுப்ப, இந்தியா வந்திருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று பிறகுதான் விளக்கம் வந்தது.

அக்டோபர் 20-ல் அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறை இன்னொரு விளக்கம் தந்தது. அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு எஃப்-1-லிருந்து ஹெச்-1பி-க்கு மாறுபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. மாறிய பிறகு வெளிநாடு போய் ஸ்டாம்பிங் போட்டுக்கொண்டு வந்தாலும் இல்லை.

ஆனால் அந்த மாற்றத்துக்கான மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுக் கிளம்பினால், ஸ்டேட்டஸ் மாற்றும் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது அந்த 1,00,000 டாலர் கேள்வி மறுபடியும் எழும். பத்து நாள் கல்யாண லீவுக்கு அவ்வளவு பெரிய தொகையைக் கட்ட எந்த நிறுவனம் முன்வரும்? ஏப்ரலில் மனு போட்டவர்கள், ஹெச்-1பி நடைமுறைக்கு வரும் அக்டோபர் 1 வரை நிறுவன வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் பக்கம் போகவே கூடாது.

ஏர்போர்ட்டில் போனை வாங்கிப் பார்ப்பார்களா?

பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நடைமுறையில் நடப்பது குறைவு. 2024 நிதியாண்டில் அமெரிக்க எல்லைகளில் சோதிக்கப்பட்ட மின்னணுக் கருவிகள் சுமார் 47,000. மொத்தப் பயணிகளோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவு. குடிமக்கள் அல்லாதவர்கள் போனைத் திறந்து காட்ட மறுத்தால் நுழைவு மறுக்கப்படலாம். கிளம்பும் முன் அவசர அவசரமாக எல்லாவற்றையும் அழிப்பதும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். விசா விண்ணப்பத்தில் கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்கிறார்கள். அதில் ஒன்றை மறைத்து, அது பிறகு தெரியவந்தால், பதிவில் எழுதியதை விட மறைத்ததுதான் பெரிய பிரச்னையாகும்.

இன்னொரு நடைமுறைத் தகவல். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. அபுதாபி வழியாகப் போகும்போது அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அபுதாபி விமான நிலையத்திலேயே நடக்கிறது. ஏதாவது சிக்கல் என்றால் அமெரிக்க மண்ணை மிதிக்கும் முன்பே தெரிந்துவிடும். ஐரோப்பா வழியாக வருபவர்கள், அமெரிக்க ஸ்டாம்பிங் காலாவதியாகியிருந்தால் ட்ரான்சிட் விசா தேவையா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் மட்டும்தான் இப்படியா?

இல்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு. 2020 தொடக்கத்தில் கொரோனா பரவியபோது சீனாவில் மருத்துவம் படித்த மாணவர்கள் ஊருக்கு வந்தார்கள். மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் விசா வைத்திருந்தவர்களையும் உள்ளே விட மாட்டோம் என்றது சீனா. சுமார் 23,000 இந்திய மாணவர்கள் இரண்டு வருடத்துக்கும் மேலாக வீட்டிலிருந்து ஆன்லைனில் படித்தார்கள். மாணவர்களுக்கு மீண்டும் விசா தரத் தொடங்கியது 2022 ஆகஸ்டில்தான்.

நம் நாட்டுக்குப் படிக்க வருபவர்களுக்கும் இதே கதைதான். சென்னை ஐ.ஐ.டி.க்கு பரிமாற்றத் திட்டத்தில் வந்திருந்த ஜெர்மன் மாணவர் யாக்கோப் லிண்டென்தால், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்ட பிறகு 2019 டிசம்பரில் இந்தியாவை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டார். 2025 அக்டோபரில் லண்டனைச் சேர்ந்த இந்தி இலக்கிய ஆய்வாளர் ஃபிரான்செஸ்கா ஓர்சினி, விசா இருந்தும் டெல்லி விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். விசா என்பது உரிமை இல்லை. எந்த நாடும் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய அனுமதி. இதில் அமெரிக்கா, சீனா, இந்தியா என்ற வித்தியாசம் இல்லை.

பூந்தமல்லி பக்கம் வெளிநாட்டு மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் ஆன்லைனில் பதிய வேண்டும். வீட்டு உரிமையாளரும், வெளிநாட்டவர் வந்து தங்கிய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். 'ஃபார்ம் சி' என்று பரவலாக அறியப்படுவது இதுதான். 2025 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், விதிமீறல்களுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியிருக்கிறது. இந்தப் பதிவுகள் விட்டுப்போனால், ஊருக்குப் போய்த் திரும்ப நினைக்கும் அந்த மாணவருக்குத்தான் சிக்கல்.

டிக்கெட் போடும் முன் செக்லிஸ்ட்

* பாஸ்போர்ட்டில் உள்ள விசா எந்தத் தேதி வரை செல்லும்? அது இப்போதைய ஸ்டேட்டஸுக்கான விசாதானா?

* ஐ-20 அல்லது டிஎஸ்-2019-ல் பயணக் கையெழுத்து எப்போது வாங்கியது? திரும்பும் நாளில் அது செல்லுமா?

* பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா? புதுப்பிக்க வேண்டுமென்றால் போலீஸ் விசாரணைக்கும் நேரம் ஒதுக்குங்கள். பூந்தமல்லி இப்போது ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. பழைய முகவரி, புதிய முகவரி குழப்பம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* ஹெச்-1பி, ஓபிடி என்று ஏதாவது விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் முதலில் வழக்கறிஞர் அல்லது பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். பிறகுதான் டிக்கெட்.

* மது அருந்தி வாகனம் ஓட்டியது உட்பட ஏதாவது வழக்கு உண்டா? தள்ளுபடி ஆகியிருந்தாலும் நீதிமன்ற ஆவணத்தைக் கையில் வைத்திருங்கள்.

* விசா ரத்து பற்றிய தகவல் பெரும்பாலும் மெயிலில்தான் வரும். விண்ணப்பத்தில் கொடுத்த பழைய மெயில் ஐடியை ஸ்பேம் உட்பட ஒருமுறை திறந்து பாருங்கள்.

* ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே தங்க நேர்ந்தால் எஃப்-1 ஸ்டேட்டஸ் போய்விடலாம். தேதி தள்ளிக்கொண்டே போனால் கல்லூரிக்கு உடனே தெரிவியுங்கள்.

அவசரம் என்றால்?

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம். அப்பாவுக்கு நெஞ்சுவலி, போரூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று நள்ளிரவில் போன் வந்தால் யாரும் விதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவசர நேர்காணலுக்கு விண்ணப்பிக்கும் வசதி தூதரகத்தில் இருக்கிறது. வழக்கமான தேதி ஒன்றை முதலில் எடுத்துவிட்டு, மருத்துவ ஆவணங்களோடு கோரிக்கை வைக்க வேண்டும். கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

அதனால் இந்தப் பேச்சை வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது. பிள்ளையின் விசா முடியும் தேதி அப்பா அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும். அவசரத்துக்கு வந்து மூன்று மாதம் மாட்டிக்கொண்டால் நிறுவனம் இங்கிருந்து வேலை பார்க்க விடுமா, சம்பளம் வருமா, அங்கே வீட்டு வாடகையும் கல்விக்கடன் தவணையும் யார் கட்டுவது என்று ஒரு கணக்கு போட்டு வையுங்கள். "இந்த வருஷம் வர முடியாதும்மா" என்று பிள்ளை சொன்னால், அது மனசு இல்லாமல் சொல்வதில்லை என்பதும் அப்போது வீட்டில் புரியும்.